ராத்திரி பல்செட் எங்கே இருக்கிறது?

கூத்தாநல்லூரில் பெற்றோரை விட்டுவிட்டுச் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் என்று பிழைக்கப் போயிருக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும், அவர்களை இங்கிருந்து பார்த்துக்கொள்ளும் மருமகள்களுக்கும் உதவிப் பெண்களுக்கும்,

 

அத்தாவுக்கு நேற்று சர்க்கரை எவ்வளவு, அம்மா எத்தனை மில்லிகிராம் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டால் உங்களில் பலர் அங்கிருந்தே சட்டென்று சொல்லிவிடுவீர்கள். மருந்துச் சீட்டு உங்கள் செல்பேசியில் இருக்கிறது, பணம் மாதா மாதம் வந்துவிடுகிறது. அந்தப் பொறுப்பில் குறை சொல்ல யாருக்கும் இடமில்லை. ஆனால் அவர்கள் வாயில் எத்தனை பல் சொந்தப் பல், எத்தனை கட்டின பல், அது கழற்றி மாட்டுவதா நிலையாக ஒட்டியதா, அதில் கம்பி உண்டா, ராத்திரி அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. பக்கத்திலேயே இருக்கும் மருமகளுக்கும் பெரும்பாலும் தெரியாது. பல்செட் என்பது மூக்குக் கண்ணாடி மாதிரி அவரவர் சொந்தச் சாமான், அதை அவரே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். நினைவும் விழுங்கும் திறனும் சரியாக இருக்கிற வரைக்கும் அப்படி விடலாம். அவை தளரத் தொடங்கியபின் பல்செட்டின் கணக்கு வீட்டில் இன்னொருவர் கைக்கு மாற வேண்டும். இந்த மடலில் நான் வாதாடுவது இந்த ஒன்றுக்காகத்தான். பல்செட்டை விழுங்கியவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளைப் படித்துக்கொண்டே போனால், விழுங்கியதால் நேர்ந்த கேட்டைவிட, விழுங்கியது யாருக்கும் தெரியாமல் கடந்த நாட்களால் நேர்ந்த கேடு பெரிதாக இருக்கிறது.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தள்ளிவிடுவோம். பல்செட்டை விழுங்குவது என்றதும் வாய் நிறைய இருக்கும் முழுச் செட்டுதான் நினைவுக்கு வரும், 'அவ்வளவு பெரிசு எப்படித் தொண்டைக்குள் போகும்' என்று சிரிப்பும் வரும். முழுச் செட் போவது அரிது. போவது சின்னது: முன்பல் ஒன்றோ இரண்டோ விழுந்த இடத்தில் ரோஸ் நிறப் பிளாஸ்டிக் தகட்டில் பதித்து, பக்கத்துப் பல்லில் மாட்டிக்கொள்ளக் கம்பிக் கொக்கி வைத்துத் தருகிறார்களே, அது. விலை குறைவு, இரண்டு மூன்று தடவை போனால் வேலை முடிந்துவிடும். ஆகவே நம் பக்கத்து வீடுகளில் அதுதான் அதிகம். செய்து போட்ட புதிதில் கச்சிதமாக உட்காரும். பல் போன இடத்தில் ஈறும் அடியிலுள்ள எலும்பும் வருடா வருடம் தேய்ந்துகொண்டே போகும், தகடோ அப்படியே இருக்கும். கொக்கி பிடித்திருக்கும் பல்லும் ஆடத் தொடங்கும். பத்து வருடத்துக்கு முன் செய்த செட்டை நாக்கால் தள்ளினாலே கழன்று வருகிறது என்றால் அது தன் காலத்தை முடித்துக்கொண்டது என்று பொருள். உடைந்த செட்டைக் கடையில் விற்கும் உடனடிப் பசை போட்டு ஒட்டிக்கொள்ளும் வழக்கம் அதைவிட மோசம். அந்த ஒட்டு எச்சிலிலும் சூட்டிலும் என்றைக்காவது விட்டுவிடும், விடும்போது கிடைப்பது கூர்முனையுள்ள இரண்டு துண்டுகள்.

இப்போது அந்தத் தளர்ந்த செட்டை யார் வாயில் வைத்துப் பார்க்கிறோம் என்பது கேள்வி. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொடக்க நாட்களில் விழுங்குவதில் கோளாறு இருக்கும். கன்னத்துத் தசை ஒரு பக்கம் செயலிழந்திருந்தால் வாய்க்குள் ஒரு பொருள் நழுவுவதே உணர்வுக்கு எட்டாது. நடுக்குவாத நோயாளிகள், வலிப்பு உள்ளவர்கள், தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அறுவைச் சிகிச்சைக்காக மயக்க மருந்து வாங்குகிறவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள் ஆகியோரும் இந்த வரிசையில் வருவார்கள். எல்லாரையும்விட அஞ்ச வேண்டியது மறதி நோய் உள்ளவர்களுக்காகத்தான். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. மக்கள்தொகையில் முதியோரின் பங்கில் கேரளத்துக்கு அடுத்த இடத்தில் நிற்பது தமிழ்நாடு. அதற்குள்ளும் இளையோர் கடல் தாண்டிப் போய், முதியோர் மட்டும் பெரிய வீடுகளில் தங்கிவிட்ட ஊர்களில் ஒன்று நம்முடையது. பல்செட் கழன்று உள்ளே போனால் 'தொண்டையில் என்னமோ மாட்டிக்கிச்சு' என்று சொல்லத் தெரிந்தவர் தப்பித்துக்கொள்வார். மறதி நோயாளி அதைச் சொல்ல மாட்டார். சோற்றைத் தள்ளிவிடுவார், எச்சில் ஒழுகும், கழுத்தைத் தடவுவார், குரல் மாறும். வீட்டில் அதற்கு வைக்கும் பெயர் அடம்.

சொல்லத் தெரிந்தவர்களுக்கே என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு சான்று. இங்கிலாந்தின் கிரேட் யார்மத் பகுதி மருத்துவமனை ஒன்றில், வயிற்றுச் சுவரில் இருந்த சாதாரணக் கட்டியை அகற்ற 72 வயது முதியவர் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆறு நாள் கழித்து வாயில் ரத்தம், விழுங்கினால் வலி, திட உணவு இறங்கவில்லை என்று திரும்பி வந்தார். நெஞ்சில் தொற்று என்று எண்ணி மருந்து கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு நாளில் இன்னும் மோசமாகி மறுபடி வந்தபோதுதான் குழாய் விட்டுத் தொண்டையைப் பார்த்தார்கள். குரல்வளைக்குக் குறுக்கே அரைவட்டமாக ஒரு பொருள் கிடந்தது. உலோகத் தகட்டில் மூன்று பற்கள் வைத்த அவருடைய சொந்தப் பல்செட். அதை ஆஸ்பத்திரியில் எங்கேயோ தொலைத்துவிட்டோம் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எடுத்தபிறகும் ரத்தக் கசிவு நிற்காமல் பல முறை ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருந்தது, ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. 2019இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ்க் குழுமம் இதை வெளியிட்டபோது உலகமே வேடிக்கைச் செய்தியாகப் படித்தது. எனக்கு அதில் வேடிக்கை தெரியவில்லை. அறிவுத் தெளிவுள்ள மனிதர், வசதியுள்ள மருத்துவமனை, எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய உலோகத் தகடு என்று எல்லாம் இருந்தும் எட்டு நாள் போயிற்று. காரணம், அறுவை அரங்குக்குள் போகும்முன் அவர் வாயில் பல்செட் இருக்கிறது என்பதை யாரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. வெளியே வந்தபின் அது எங்கே என்று யாரும் தேடவும் இல்லை. நம் பக்கத்துச் செய்தியும் உண்டு. 2024இல் விசாகப்பட்டினத்தில் 52 வயது ஆண் ஒருவர் தளர்ந்துபோன பல்செட்டோடு தூங்கி, அது மூச்சுக்குழல் வழியாக வலது நுரையீரலுக்குப் போய்விட்டது. உள்நோக்குக் கருவியால் கீறல் இல்லாமல் எடுத்தார்கள். வலது பக்க மூச்சுக்குழல் கிளை இடதைவிட அகலமானது, செங்குத்தானது. தவறி இறங்கும் பொருள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போகும்.

அந்த ஆங்கிலேயருக்கு இருந்த ஒரு வசதி நம் பெற்றோரில் பெரும்பாலோருக்கு இல்லை, உலோகத் தகடு. இங்கே போடும் மலிவான செட் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. ஈறு மாதிரி தெரியும் தகடும் அதுதான், பல் மாதிரி தெரிவதும் பெரும்பாலும் அதுதான். எக்ஸ்ரே கதிர் அதை ஊடுருவிப் போய்விடும். கம்பிக் கொக்கி இருந்தால் மெல்லிய கோடு ஒன்று படத்தில் விழலாம், அதுவும் தேடுகிறவர் கண்ணுக்குத்தான் படும். கொக்கியும் இல்லையென்றால் படம் சுத்தமாக இருக்கும். 'எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டோம், ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க' என்று வாட்ஸாப்பில் செய்தி வரும், நீங்களும் அங்கே நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள். அந்தப் படத்துக்கு நம் விஷயத்தில் பொருளே கிடையாது. பல்செட் காணவில்லை, நோயாளிக்கு விழுங்க முடியவில்லை என்ற இரண்டும் சேர்ந்தால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் சிடி ஸ்கேனோ எண்டோஸ்கோபியோ தேவை என்று கேட்க வேண்டும். கதிரில் தெரியும்படி அக்ரிலிக்கில் பேரியம் போன்ற உப்புகளைக் கலந்து பார்த்தார்கள். பிளாஸ்டிக்கின் பலம் குறைந்தது, நிறம் கெட்டது, அதனால் அது வழக்கத்துக்கு வரவே இல்லை. பெயர் பொறித்த மெல்லிய எஃகுப் பட்டையைத் தகட்டுக்குள் பதிக்கும் முறை சில நாடுகளில் இருக்கிறது. இறந்தவரை அடையாளம் காணவும், முதியோர் இல்லங்களில் ஒருவர் செட் இன்னொருவருக்கு மாறிவிடாமல் இருக்கவும் ஏற்பட்ட முறை அது. உயிரோடு இருப்பவரின் எக்ஸ்ரேயிலும் அது தெரியும் என்பதை நம் ஊர்ப் பல் மருத்துவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

அதுவரைக்கும் காசில்லாத ஒரு வழி இருக்கிறது. பல்செட்டைக் கழற்றிக் கழுவி, ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து, மேலும் கீழுமாக இரண்டு படம் எடுத்து வீட்டில் இருப்பவர் செல்பேசியிலும் உங்கள் செல்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பெரிது, எத்தனை பல், கொக்கி எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று எண்டோஸ்கோபி செய்யும் மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்தால், எந்தக் கருவியோடு இறங்குவது, எந்தப் பக்கம் திருப்பி இழுப்பது என்று தீர்மானிக்க முடியும். கொக்கி உணவுக்குழாய்ச் சுவரில் மாட்டியிருக்கும்போது கண்மூடித்தனமாக இழுத்தால் கிழிந்துவிடும். உணவுக்குழாய் கிழிந்தால் நெஞ்சறைக்குள் சீழ் பிடிக்கும், அந்த நிலையில் முதியவரை மீட்பது பெரும்பாடு.

இரவுக்கு வருவோம், மிகுந்த தகராறு அங்கேதான். தூங்கும்போது பல்செட்டைக் கழற்ற வேண்டும் என்று செய்து கொடுத்த பல் மருத்துவர் அன்றைக்கே சொல்லியிருப்பார். அது விழுங்கிவிடும் பயத்துக்காக மட்டும் சொன்னதல்ல. ஜப்பானில், சராசரி வயது 87ஐத் தாண்டிய 524 முதியவர்களை மூன்றாண்டுகள் கவனித்து 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களில் பல்செட் உள்ளவர்கள் 453 பேர், அதை மாட்டிக்கொண்டே தூங்குகிறவர்கள் 186 பேர். மாட்டிக்கொண்டு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். தகட்டின் அடியில் படியும் கிருமிப் படலம் தூக்கத்தில் எச்சிலோடு மெல்ல மெல்ல நுரையீரலுக்கு இறங்குவதுதான் இதற்குக் காரணம் என்று கருதுகிறார்கள். ஆக, விழுங்குவது எங்கோ ஒருவருக்குத்தானே நடக்கிறது என்று சொல்பவர்களுக்கும் இரவில் கழற்ற வேறொரு காரணம் இருக்கிறது.

'அவர் கழற்ற மாட்டேங்கிறார், என்ன செய்ய' என்பீர்கள். நியாயமான மறுப்புதான். பல் இல்லாத முகத்தை மருமகள் பார்க்கக் கூடாது, பேரப்பிள்ளை பார்க்கக் கூடாது என்ற வெட்கம் சின்ன விஷயமில்லை. வாழ்நாளெல்லாம் நிமிர்ந்து நடந்தவருக்கு எஞ்சியிருக்கும் கௌரவத்தில் அதுவும் ஒன்று. அதை மிரட்டிப் பிடுங்குவதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்த வெட்கத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். துபாயில் வேலை முடிந்து, சமைத்துச் சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு நீங்கள் வீடியோவில் கூப்பிடும்போது இங்கே பத்தரை. சவூதி என்றால் பதினொன்றரை. பிள்ளை கூப்பிடுவான் என்று பல்லை மாட்டிக்கொண்டு காத்திருக்கும் மனிதர், பேசி முடித்த கையோடு அப்படியே சாய்ந்து தூங்கிவிடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். அழைப்பை அவர்கள் மாலைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் பேசி முடிக்கும்போது 'பல்லைக் கழட்டி வச்சிட்டுப் படுங்க அத்தா' என்ற ஒரு சொல்லோடு முடியுங்கள். மருமகள் பத்துத் தடவை சொல்லிக் கேட்காததை நீங்கள் ஒரு தடவை சொன்னால் கேட்பார்கள் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். தொழுகைக்கு ஒளு எடுக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் நாளுக்கு ஐந்து முறை வாய் கொப்பளிப்பது ஏற்கெனவே இருக்கிறது. இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பின் செட் மூடியுள்ள கிண்ணத்துத் தண்ணீருக்குள் போக வேண்டும் என்பதை அதோடு சேர்த்துவிட்டால் புதிதாக எதையும் பழக்க வேண்டாம். நோன்புக் காலத்தில் மட்டும் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். விடியலுக்கு முன் சஹர் உணவுக்கு எழுந்து மாட்டியது, சாப்பிட்டுத் தொழுதுவிட்டு மறுபடி படுக்கும்போது வாயிலேயே தங்கிவிடும்.

டெல்டாக்காரர்களிடம் இன்னொரு பேச்சு உண்டு. விராலோ கெண்டையோ சாப்பிடும்போது முள் மாட்டினால் சோற்றை உருண்டை பிடித்து விழுங்கு, வாழைப்பழத்தை மெல்லாமல் முழுங்கு என்பார்கள். முள்ளுக்கே இது நல்ல வைத்தியமில்லை. கம்பிக் கொக்கியுள்ள பல்செட்டுக்கு இதைச் செய்தால், அடைப்புக்கு மேலே சோற்றையும் பழத்தையும் திணித்து, மாட்டியிருக்கும் கொக்கியை இன்னும் ஆழமாகக் குத்த வைக்கிறோம். வயிறு நிறைந்தவருக்கு மயக்க மருந்து கொடுப்பதும் ஆபத்தாகிவிடும். வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது. உணவுக்குழாயில் மாட்டிய கூர்மையான பொருளை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஐரோப்பிய எண்டோஸ்கோபி மருத்துவர் சங்கம் 2016இல் வழிகாட்டு நெறி வகுத்திருக்கிறது. 'காலையில மலத்தோட போயிடுதான்னு பார்ப்போம்' என்று ஓர் இரவைக் கடத்தினால் அந்தக் கெடு தாண்டிவிடும். அதனால் வாய் வழியாக எதுவும் கொடுக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். எண்டோஸ்கோபியும் மயக்க மருந்து மருத்துவரும் எந்நேரமும் இருக்கும் இடத்துக்கு, திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி ஒன்றுக்கு, நேரே கொண்டுபோங்கள். மூச்சே அடைத்து முகம் நீலம் பாய்ந்தால் அது வேறு கணக்கு. அப்போது ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. முதுகில் ஓங்கித் தட்டுவதையும் வயிற்றை உள்நோக்கி மேலாக அழுத்துவதையும் உடனே தொடங்க வேண்டும். வீட்டில் இருப்பவர் ஒருவராவது இதை நேரில் பார்த்துக் கற்றிருக்க வேண்டும், படித்துத் தெரிந்துகொள்வது போதாது.

மீன் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேல்வாய் முழுவதையும் தகடு மூடியிருக்கும்போது அண்ணத்தின் உணர்ச்சி மங்கிவிடும். முள்ளையும் எலும்புத் துணுக்கையும் வாயே கண்டுபிடித்துத் துப்பும் வித்தை அங்கேதான் இருக்கிறது. ஆகவே செட் போட்டவர்களுக்கு முள்ளைப் பார்த்து எடுத்துவிட்டுக் கொடுப்பது செல்லம் கொடுப்பது ஆகாது. அதே காரணத்தால், கண் மங்கியவர் கையில் மாத்திரையை அட்டையோடு வெட்டிக் கொடுக்கவும் கூடாது. வெட்டிய அட்டையின் நான்கு முனைகளும் கத்தி.

இவ்வளவு பயமென்றால் பல்செட்டே வேண்டாம் என்று எடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பது எளிது. பல் இல்லாதவர் கஞ்சிக்கும் குழைந்த சோற்றுக்கும் சுருங்கிப் போவார், பேச்சு குழறும், நாலு பேர் கூடும் இடத்துக்குப் போக மாட்டார். நோயைவிட வேகமாக அது ஆளை ஒடுக்கிவிடும். நல்ல பொருத்தமுள்ள செட்டைப் பகலில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மாட்டிக்கொள்வதில் பெரிய ஆபத்து இல்லை. விழுங்கும் கோளாறு வந்துவிட்டவர்களுக்கு மட்டும், ஒன்றிரண்டு பல் உள்ள சின்னச் செட்டை நிறுத்திவிட்டு வேறு வழி பார்க்க வேண்டும். ஈடு கொடுக்கும் பற்கள் இருந்தால் நிலையாகக் கட்டிவிடலாம், இல்லையென்றால் வாயின் இரு பக்கமும் பிடிக்கும் பெரிய செட்டாக, முடிந்தால் எக்ஸ்ரேயில் தெரியும் கோபால்ட்-குரோமியம் சட்டத்தில் செய்யச் சொல்லலாம். அதற்குச் செலவு கூடும், உண்மைதான். அரசு வழியில் பார்க்க நினைப்பவர்களுக்குச் சிதம்பரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2023இல் புதுக்கோட்டையிலும் ஒன்று திறந்திருக்கிறார்கள். மறதி நோய் முற்றியவருக்குச் சில சமயம் முன்பல் இடைவெளியை அப்படியே விட்டுவிடுவதும் சரியான வைத்தியமே. அதை முடிவு செய்ய வேண்டியவர் பல் மருத்துவர், ஆனால் மறதி நோயைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள். வெளியூர்க் கிளினிக்கில் ஒரே நாளில் அளவெடுத்துக்கொண்டு வரும்போது அதை யாரும் சொல்வதில்லை.

அரசிடமும் ஒன்று கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை பார்க்கிறார்கள், படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் கிடைக்கிறது. அவர்கள் கையில் உள்ள பதிவேட்டில் ஒரு கட்டம் கூடினால் போதும்: கழற்றி மாட்டும் பல் உண்டா, ஆடுகிறதா. உள்நோயாளியாகச் சேர்க்கும்போது நகையைக் கழற்றிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார்களே, பல்செட்டுக்கும் அதே பக்கத்தில் ஒரு வரி எழுதலாம். அதை அவர்களாகக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நீங்களே சொல்லி எழுத வைக்கலாம்.

அடுத்த விடுப்பில் வரும்போது பெட்டியைப் பிரித்து முடித்த மறுநாள், அத்தாவையோ அம்மாவையோ உட்கார வைத்து, பல்செட்டைக் கழற்றிப் பாருங்கள். நாக்கால் தள்ளினால் கழல்கிறதா, கம்பி வளைந்திருக்கிறதா, விரிசல் உண்டா, பசை போட்ட தடம் உண்டா. இதில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே பல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். விடுப்பு முடிந்து நீங்கள் கிளம்பும்முன், இரவில் அதைக் கழற்றிக் கிண்ணத்தில் போடும் பொறுப்பு யாருடையது என்று பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். அந்தப் பெயர் சம்பளத்துக்கு வந்து உதவும் பெண்ணுடையதாக இருந்தால், சம்பளம் பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள்.